கரகத்தை வெட்டாத சி.எம்.எஸ்.: வாக்டெய்லின் படக் கருவிகள் பற்றி

நாட்டுப்புறக் கலைஞர்களின் புகைப்படங்களைத் தொகுத்து வைக்கும் ஒரு சிறிய அமைப்பின் இணையதளத்தை மதுரையிலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன். கரகாட்டம், பறையாட்டம், பொய்க்கால் குதிரை, தெருக்கூத்து, சிலம்பம் என்று திருவிழாக்களிலும் கோயில் வாசல்களிலும் எடுத்த படங்கள். தளம் இப்போது வாக்டெய்ல் என்ற சி.எம்.எஸ்.ஸில், அதாவது இணையதள உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருளில், ஓடுகிறது. பைத்தான் என்ற நிரல் மொழியில், ஜாங்கோ என்ற இணையக் கட்டமைப்பின் மேல் எழுதப்பட்ட மென்பொருள் இது. இலவசம், திறந்த மூலம். இங்கிலாந்தின் டார்ச்பாக்ஸ் நிறுவனம் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டின் தளத்துக்காக உருவாக்கி, 2014இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. வாக்டெய்லின் மற்ற வசதிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத வந்தது படத்தை அது எப்படி வெட்டுகிறது, எப்படிப் பல அளவுகளில் அனுப்புகிறது என்பதைப் பற்றி மட்டும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கரகாட்டப் படத்தையே எடுத்துக்கொள்வோம். நின்ற வாக்கில் எடுத்த 24 மெகாபிக்சல் படம்: அகலம் 4000 பிக்சல், உயரம் 6000. கரகத்தின் உச்சியில் இருக்கும் கிளி, மேலிருந்து 500ஆவது பிக்சலில் தொடங்குகிறது. ஆடுபவரின் முகவாய் 1900இல் முடிகிறது. சலங்கை 5500க்குப் பக்கத்தில். இதை முகப்புப் பக்கத்தின் 16க்கு 9 சட்டத்தில் போட வேண்டும் என்றால் 4000க்கு 2250 பிக்சல் துண்டு ஒன்றை வெட்டியாக வேண்டும். எங்கே வெட்டுவது என்று யாரும் சொல்லாவிட்டால், பெரும்பாலான மென்பொருள்கள் நடுவில் வெட்டும். அதாவது 1875 முதல் 4125 வரை. கிளி போயிற்று, கரகம் போயிற்று, முகமும் கிட்டத்தட்ட முழுவதும் போயிற்று. கழுத்து முதல் முழங்கால் வரைக்கும் ஓர் உடம்பு மட்டும் மிஞ்சும்.

எங்கள் பழைய தளம் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து வாங்கிய ஒரு தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு), எல்லாப் படத்தையும் நடுவில் வெட்டியது. கரகாட்டக் கலைஞர்கள் ஏற்கெனவே எந்த மாதிரிப் பார்வைகளைச் சகித்துக்கொண்டு மேடையேறுகிறார்கள் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அவர்களுடைய கலையைப் பதிவு செய்வதற்காக நடத்தும் தளத்திலேயே தலையில்லாத இடுப்புப் படங்கள் வரிசையாக நின்றால் அது அவமதிப்பு. ஒரு மூத்த கலைஞர் தன் பேத்தியின் போனில் தளத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல நான் எங்கப்பா இருக்கேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய சி.எம்.எஸ்.தான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

வாக்டெய்லில் படத்தைத் திருத்தும் பக்கத்துக்குப் போனால், படத்தின் முக்கியமான பகுதியைச் சுற்றி ஒரு பெட்டி வரையச் சொல்கிறது. மவுஸை அழுத்தி இழுத்தால் போதும். பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி வரையலாம். பெட்டியின் மையம், அகலம், உயரம் எல்லாம் படத்தோடு சேர்ந்து தரவுத்தளத்தில் பதிவாகின்றன. மூலப் படத்தில் ஒரு பிக்சல்கூடக் குறைவதில்லை.

இங்கேதான் வாக்டெய்ல் எனக்குப் பிடித்துப்போனது. படத்தின் முக்கியமான இடத்தைக் குறித்து வைக்கும் இந்த வசதிக்கு ஃபோகல் பாயின்ட் என்று பெயர். அதைத் தரும் மற்ற மென்பொருள்களில் பல, ஒரே ஒரு புள்ளியைத்தான் கேட்கின்றன. டிருப்பல் என்ற சி.எம்.எஸ்.ஸின் ஃபோகல் பாயின்ட் மாட்யூலில் (கூடுதல் தொகுப்பில்) ஒரு கூட்டல் குறியை நகர்த்தி வைப்போம். கிராஃப்ட் சி.எம்.எஸ்.ஸிலும் புள்ளிதான். எந்த இடம் முக்கியம் என்று புள்ளி சொல்லும். எவ்வளவு தூரம் முக்கியம் என்று அதால் சொல்ல முடியாது. கிளியின் அலகிலிருந்து முகவாய் வரை எதுவும் போகக் கூடாது என்று சொல்ல ஒரு பரப்பு வேண்டும். கரகத்துக்குப் பெட்டிதான் சரி.

பெட்டியை வைத்து அது போடும் கணக்கும் அழகானது. நம்முடைய படத்தில் பெட்டியை 500 முதல் 1900 வரை வரைந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மையம் 1200, படத்தின் மொத்த உயரத்தில் 20 சதவீதம். வாக்டெய்ல் இந்த மையத்தைச் சட்டத்தின் நட்டநடுவில் கொண்டுவந்து உட்கார வைப்பதில்லை. மூலப் படத்தில் மேலிருந்து 20 சதவீதத்தில் இருந்தது, வெட்டிய படத்திலும் மேலிருந்து 20 சதவீதத்தில் இருக்கட்டும் என்று பார்க்கிறது. 2250இல் 20 சதவீதம் 450. அதன்படி வெட்டு 750இல் தொடங்க வேண்டும். ஆனால் அப்படிச் செய்தால் பெட்டியின் மேல்பகுதி போய்விடும். எனவே அடுத்த படியாக, பெட்டி முழுவதும் உள்ளே வரும்படி சட்டத்தை நகர்த்துகிறது. கடைசியில் கிடைப்பது 500 முதல் 2750 வரை. கிளி இருக்கிறது, கரகம் இருக்கிறது, முகம் இருக்கிறது, கை அசைவும் தெரிகிறது. புகைப்படக்காரர் தலைக்கு மேல் எவ்வளவு வானம் விட வேண்டும், ஓரத்தில் எவ்வளவு இருட்டு விட வேண்டும் என்று யோசித்துத்தான் எடுக்கிறார். அந்த விகிதத்தை முடிந்தவரை காப்பாற்றும் கணக்கு இது. நடுவில் கொண்டுவந்து நிறுத்தும் கணக்கைவிட இது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு சின்னக் குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே வந்த வெட்டில் கிளியின் உச்சி சட்டத்தின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதனால் பெட்டியைப் பொருளோடு ஒட்டி வரையாமல், சுற்றிக் கொஞ்சம் காற்று விட்டு வரைய வேண்டும். எங்கள் படத் தொகுப்பைக் கவனிக்கும் அக்கா இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். சிலம்பத்துக்குக் கம்பின் நுனியையும் உள்ளே விட்டு வரைகிறார். பொய்க்கால் குதிரைக்கு ஆட்டக்காரர் முகமும் குதிரைத் தலையும் சேர்ந்து ஒரே பெட்டி. பறைக்கு முகத்தைவிடக் கையும் பறையும் முக்கியம் என்பார். இது நிரலாளர் முடிவு செய்ய வேண்டிய விஷயமே இல்லை, ஆட்டம் தெரிந்தவர் முடிவு செய்ய வேண்டியது. அந்த முடிவை அவர் கையிலேயே கொடுத்துவிடுவதுதான் இந்த வசதியின் பெரிய பலம்.

தானாகவே முகத்தைக் கண்டுபிடிக்கும் வசதியும் உண்டு. படங்களை ஆராயும் ஓபன்சிவி என்ற மென்பொருளை நிறுவி, அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால், பெட்டி வரையாமல் ஏற்றும் புதுப் படங்களில் முகம் எங்கே என்று அதுவே தேடிப் பெட்டி போட்டுவிடும். செய்தித் தளத்துக்கும் கல்லூரித் தளத்துக்கும் இது நன்றாகவே உதவும். எங்களுக்கு உதவவில்லை. நேராகப் பார்க்கும் முகங்களுக்காகப் பழக்கப்பட்ட கருவி அது. கூத்துக்காரரின் முகத்தில் தடிமனான அரிதாரம், தலையில் கிரீடம், பாதி நேரம் பக்கவாட்டுப் பார்வை. அதைவிட முக்கியமான சிக்கல், முகத்தைச் சரியாகவே பிடித்தாலும் கரகம் போய்விடும். அதே படத்தில் முகம் மட்டும் 1300 முதல் 1900 வரை. மையம் 1600. மேலே சொன்ன கணக்குப்படி வெட்டு 1000இல் தொடங்கும். 500இல் தொடங்கும் கரகத்தின் மேல்பாதி காலி. அந்த வசதியை அணைத்துவிட்டோம்.

சின்னத் தம்ப்நெயில்களுக்கு வாக்டெய்லில் இன்னொரு நல்ல விஷயம் இருக்கிறது. வெட்டும் கட்டளையோடு, எவ்வளவு நெருக்கமாக வெட்ட வேண்டும் என்று 0 முதல் 100 வரை ஓர் எண்ணையும் கொடுக்கலாம். ஒன்றும் கொடுக்காவிட்டால் படத்தில் எவ்வளவு பரப்பு முடியுமோ அவ்வளவையும் வைத்துக்கொள்ளும். 100 கொடுத்தால் நாம் வரைந்த பெட்டி வரைக்கும் நெருங்கும், பெட்டிக்குள் நுழையாது. கலைஞர் பட்டியலில் 200க்கு 200 பிக்சல் சதுரங்கள் வைத்திருக்கிறோம். நெருக்கம் இல்லாமல் வெட்டினால் 4000க்கு 4000 பரப்பு 200க்குச் சுருங்கும், 600 பிக்சல் உயர முகம் 30 பிக்சலாகிவிடும். யார் என்றே தெரியாது. 1400 பிக்சல் பெட்டி வரை நெருங்கி வெட்டினால் அதே முகம் ஏறக்குறைய 85 பிக்சல் வரும். கரகமும் கூடவே இருக்கும். ஒரே பெட்டி, இரண்டு வேலை. புள்ளியை மட்டும் வைத்து இதைச் செய்ய முடியாது, எவ்வளவு நெருங்கலாம் என்று புள்ளிக்குத் தெரியாதே.

அப்புறம், பல அளவுகளில் அனுப்பும் விஷயம். போனில் பார்ப்பவர்களுக்கு 6000 பிக்சல் படத்தை அனுப்பி டேட்டாவைக் கரைப்பது அநியாயம். எங்கள் தளத்துக்கு வருபவர்களில் கலைஞர்களின் குடும்பத்தாரே நிறையப் பேர். விலை குறைந்த போன், ஊர்ப்புற சிக்னல். ஒரு படத்தைப் பல அகலங்களில் தயாரித்து, எஸ்ஆர்சிசெட் என்ற எச்.டி.எம்.எல். பண்பில் பட்டியலாகக் கொடுத்துவிட்டால், தேவையானதை பிரவுசரே எடுத்துக்கொள்ளும். 360 பிக்சல் அகலமும் 3 மடங்கு அடர்த்தியும் உள்ள திரைக்கு 1080 பிக்சல் படம் போதும். இதில் பலரும் விட்டுவிடுவது சைசஸ் என்ற பண்பு. படம் பக்கத்தில் எவ்வளவு அகலத்தில் வரும் என்று அது சொல்கிறது. அதை எழுதாவிட்டால் பிரவுசர் முழுத் திரை அகலம் என்று எடுத்துக்கொள்ளும், மூன்று பத்திக் கட்டத்தில் ஒவ்வொரு படமும் தேவைக்கு மூன்று மடங்கு அகலத்தில் இறங்கும். எந்த சி.எம்.எஸ். வைத்திருந்தாலும் முதலில் இதைச் சரிபாருங்கள்.

வேர்ட்பிரஸ் 2015 டிசம்பரில் வந்த 4.4 பதிப்பிலிருந்தே எஸ்ஆர்சிசெட்டைத் தானாக எழுதுகிறது. டிருப்பல் 8 அதற்கு ஒரு மாதம் முன்பே ரெஸ்பான்சிவ் இமேஜ் மாட்யூலை மையத் தொகுப்பில் வைத்துவிட்டது. வாக்டெய்ல் இதில் தாமதம்தான். 2023 நவம்பரில் வந்த 5.2 பதிப்பில்தான் இதற்கென்று இரண்டு டெம்ப்ளேட் டேக்குகள் (பக்க வார்ப்புருவில் எழுதும் கட்டளைகள்) வந்தன. ஆனால் வந்தது நன்றாக வந்திருக்கிறது. ஒரே வரியில் இத்தனை அகலங்கள், இத்தனை வடிவங்கள் என்று அடைப்புக்குறிக்குள் எழுதினால் ஏவிஃப், வெப்பி, ஜேபெக் மூன்றிலும் எல்லா அளவுகளும் தயாராகிவிடும். வெட்டுகிற கட்டளையையும் அதே வரியில் சேர்க்கலாம், ஒவ்வொரு அளவும் பெட்டியை மதித்தே வெட்டப்படும்.

பழைய படங்களை அது நடத்தும் விதமும் எனக்குப் பிடிக்கும். எங்களிடம் 1990களின் அச்சுப் படங்களை ஸ்கேன் செய்து வைத்தவை உண்டு, அகலம் 900 பிக்சல்தான். 1600 கேட்டாலும் வாக்டெய்ல் இழுத்துப் பெரிதாக்காது. இருக்கும் அளவிலேயே கொடுக்கும், பட்டியலிலும் உண்மையான அகலத்தையே எழுதும்.

ஆனால் ஒரு வேலையை அது நமக்காகச் செய்வதில்லை. போனில் நின்ற வாக்குப் படத்தை முழுதாகக் காட்டி, மடிக்கணினியில் மட்டும் 16க்கு 9 வெட்டைக் காட்ட வேண்டும் என்றால், எச்.டி.எம்.எல்.லின் பிக்சர் டேக்கைக் கையால்தான் எழுதினோம். கரகாட்டத்தை எவ்வளவு நன்றாக வெட்டினாலும் அகலச் சட்டத்தில் சலங்கை வராது. போன் திரையோ இயல்பிலேயே நின்ற வாக்கு. அங்கே வெட்டாமல் கிளி முதல் சலங்கை வரை முழுதாகக் காட்டுகிறோம். எழுதக் கடினமில்லை, இரண்டு வெட்டுகளை உருவாக்கி திரை அகலத்தைப் பார்க்கும் மீடியா நிபந்தனையோடு வரிசையாக வைக்க வேண்டும். இருந்தாலும் இது டெவலப்பர் வேலை, அக்காவால் செய்ய முடியாது.

கேஷ் விஷயத்தில், அதாவது பிரவுசர் பழைய கோப்பைச் சேமித்து வைத்துக் காட்டும் சிக்கலில், வாக்டெய்லுக்கு முழு மதிப்பெண். வெட்டிய படத்தின் கோப்புப் பெயருக்குள்ளேயே, பெட்டியின் இடத்தையும் அளவையும் வைத்துக் கணக்கிட்ட ஒரு சிறு குறியீடு சேர்ந்துவிடுகிறது. பெட்டியை மாற்றினால் பெயரும் மாறும். பழைய தளத்தில் படத்தைத் திருத்தினாலும் போனில் பழையதே வந்துகொண்டிருக்கும், கலைஞர் வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வரும். இப்போது அந்தப் பேச்சே இல்லை.

குறைகளுக்கு வருகிறேன். பெட்டி வரையும் பக்கத்தில், வெட்டிய பிறகு எப்படி இருக்கும் என்று பார்க்க முன்னோட்டம் இல்லை. டிருப்பலின் மாட்யூலில் முன்னோட்ட இணைப்பு இருக்கிறது. அம்ப்ராகோ என்ற சி.எம்.எஸ்.ஸில் ஒவ்வொரு வெட்டும் பக்கத்திலேயே தெரியும். இங்கே அக்கா பெட்டி வரைந்து, சேமித்து, பக்கத்தைத் திறந்து பார்த்து, திரும்பி வந்து திருத்த வேண்டியிருக்கிறது.

படங்களை மொத்தமாக ஏற்றும் பக்கத்தில் பெட்டி வரைய வழி இல்லை. ஒரு திருவிழா முடிந்து நூற்றுக்கணக்கில் படங்கள் வரும்போது ஒவ்வொன்றாகத் திறந்துதான் வரைய வேண்டும். இயல்பான பதிவேற்ற வரம்பு 10 எம்.பி. என்பதையும் கவனியுங்கள். 24 மெகாபிக்சல் ஜேபெக் அதைத் தாண்டிவிடக்கூடும், அமைப்புக் கோப்பில் உயர்த்திக்கொள்ளலாம்.

புது ஆல்பம் பக்கத்தை முதலில் திறப்பவர் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும். தேவையான அளவுகள் அந்த முதல் திறப்பில்தான் உருவாகின்றன. ஏவிஃப் வடிவத்துக்குச் செயலி நிறைய வேலை செய்யும். சிறிய சர்வர் வைத்திருப்பவர்கள் அளவுகளைக் கொஞ்சமாக வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் வெளியிட்ட கையோடு பக்கத்தை நாங்களே ஒருமுறை திறந்துவிடுகிறோம். படங்களை நேரடியாக முகவரி மூலம் கேட்கும்போது உருவாக்கும் வழியும் உண்டு, எங்கள் அளவுக்கு அது தேவைப்படவில்லை.

படத்துக்கான விளக்க வரி பற்றியும் ஒரு வார்த்தை. 2024 நவம்பரில் வந்த 6.3 பதிப்பில், படத்தோடு பொதுவான விளக்கம் ஒன்றையும், அதைப் பயன்படுத்தும் இடத்துக்கு ஏற்ற மாற்று உரையையும் (படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் வரியையும்) தனித்தனியாக எழுத வசதி வந்தது. பார்வையற்ற வாசகர்களுக்கு இது அவசியம். நாங்கள் கலைஞர் பெயர், ஊர், ஆட்டத்தின் பெயர் மூன்றையும் தவறாமல் எழுதுகிறோம்.

என் பெரிய மனக்குறை இனிதான் வருகிறது. மாற்று உரையை இடத்துக்கு இடம் மாற்ற விட்டவர்கள், பெட்டியை அப்படி விடவில்லை. ஒரு படத்துக்கு ஒரே பெட்டி. பறையடிப்பவரும் ஆடுபவரும் ஒரே சட்டத்தில் இருக்கும் படம் எங்களிடம் நிறைய. பறை பற்றிய பக்கத்தில் அடிப்பவர் தெரிய வேண்டும், ஆட்டம் பற்றிய பக்கத்தில் ஆடுபவர் தெரிய வேண்டும். சானிட்டி என்ற சி.எம்.எஸ்.ஸில் இந்தத் தகவல் படத்தோடு இல்லாமல், படத்தைப் பயன்படுத்தும் ஆவணத்தோடு சேமிக்கப்படுகிறது. அதனால் இடத்துக்கு ஒரு தேர்வு சாத்தியம். டைப்போ3 என்ற சி.எம்.எஸ்.ஸிலும் வெட்டுகள் பயன்பாட்டோடுதான் சேரும். அங்கே தலைப்பு எழுத்து படத்தின் எந்தப் பகுதியை மறைக்கும் என்றுகூட வரையும்போதே காட்ட முடியும். வாக்டெய்ல் இந்த இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? பைத்தான் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால், படங்களே உயிரான தளம் என்றால், தயங்காமல் எடுங்கள். டெவலப்பர் யாரும் இல்லை, வேர்ட்பிரஸ்தான் கைவசம் என்றால், அதை விட்டு வர வேண்டியதில்லை. ஆனால் அதன் மையத் தொகுப்பில் ஃபோகல் பாயின்ட், கவர் பிளாக் (படத்தின் மேல் எழுத்து வைக்கும் பகுதி) போன்ற இடங்களில்தான் கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவின் ஃபீச்சர்ட் இமேஜுக்கு, அதாவது பதிவை அடையாளம் காட்டும் படத்துக்கு, கிடையாது. தீமில் இடது, மேல் என்று வெட்டும் திசையைச் சொல்லலாம், அது அந்த அளவில் வரும் எல்லாப் படத்துக்கும் பொருந்திவிடும், தனிப்படத்துக்கு அல்ல. தனியாக ஒரு பிளகின் தேட வேண்டும்.

எங்களைப் பொறுத்தவரை இப்போதைக்கு வேறு எங்கும் போவதாக இல்லை. இரண்டு பேர் உள்ள படங்களை மட்டும் இரண்டு முறை ஏற்றி, தலைப்பில் "பறை", "ஆட்டம்" என்று பிரித்து எழுதி, ஆளுக்கு ஒரு பெட்டி வரைந்து வைக்கிறோம். வட்டில் இடம் கூடுதலாகப் போகிறது, பரவாயில்லை.